கொசு வளர்க்கிறவன் வீட்டுக்குப் பெண்

தாராவி, பம்பாய்
18-8-1963

மாப்பிள்ளை வானமாமலைக்கு மச்சான் அய்யாத்துரை சொல்ல, தோல் கிடங்குக் கணக்கர் ஷாகுல் ஹமீது எழுதுவது.

இங்கே நானும் என் வீட்டுக்காரி உங்கள் அக்கா மீனாட்சியம்மாளும் மகன் கணேசபாண்டியனும் சௌக்கியம். அங்கே நீங்களும் மருமகளும் சௌக்கியம் என்று ஒரு வரி கண்டால் இங்கே சாப்பாடு இன்னும் கொஞ்சம் இறங்கும்.

மழை விட்டபாடில்லை. எங்கள் ஒற்றை அறைக் கோலிக்குள் முழங்கால் தண்ணீர் வந்து வடிந்துவிட்டது. அக்கா கட்டில்மேல் அடுப்பை வைத்து இரண்டு நாள் பொங்கினாள். மற்றபடி குறை இல்லை. நீங்கள் போன மாசியில் எழுதின கடிதத்தில் மயிலைக்காளையை விற்றதாகவும், கிழக்குச் சுவர் சரிந்ததாகவும், வலது காலில் ஆணி என்றும் எழுதியிருந்தீர்கள். சுவரைக் கட்டியாயிற்றா, காலுக்கு என்ன வைத்தியம் என்று எழுதவும். எனக்கு எழுத்து தெரியாதே தவிர, காதில் விழுந்தது ஒன்றும் மறக்காது. உங்களுக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கச்சி சொர்ணம் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷமாகிறது. அவள் பெற்றது ஆறுமுகத்தாய் ஒருத்திதான். பிள்ளை பிறந்த அன்று தாய்மாமன் நான் சேனை தொட்டு நாக்கில் வைத்தபோது, "இது உன் வீட்டுக்குத்தாண்ணே" என்று சொர்ணம் சொன்னாள். நீங்கள் வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தீர்கள். மறுத்துப் பேசவில்லை.

கணேசபாண்டியனுக்குச் செம்பூரில் ஒரு ஆராய்ச்சி ஆபீசில் வேலை பக்கா ஆகிவிட்டது. மாதச் சம்பளம், வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வர லீவு (இங்கே அதைச் சுட்டி என்பார்கள்), காக்கிச் சட்டை இரண்டு. வேலை பறவைகள் சம்பந்தப்பட்டது. மீதியை நேரில் சொல்கிறேன். வருகிற தையில் முகூர்த்தம் வைக்கலாமா என்று உங்கள் சம்மதம் கேட்டு இதை எழுதச் சொன்னேன்.

இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவது ஆறுமுகத்தாய்தான் என்று தெரியும். அதனால் அவளைப் புகழ்ந்து ஒன்றும் எழுதச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அய்யாத்துரை (பெருவிரல் ரேகை)


களக்காடு
6-9-1963

மச்சானுக்கு வானமாமலை சொல்லி எழுதுவது. எழுதுகிறவள் ஆறுமுகத்தாய். நானே எழுத்துக்கூட்டி எழுதினால் ஒரு கார்டுக்கு ஒரு பொழுது ஆகும்.

சுவர் கட்டியாயிற்று. காலாணிக்கு எருக்கம்பால் வைக்கிறேன்.

பறவைகள் சம்பந்தப்பட்ட வேலை என்று எழுதியிருந்தீர்கள். கோழிப்பண்ணையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கோவில் கொடைக்குத் தாராவியிலிருந்து பூலோகம் வந்திருந்தான். டீக்கடையில் வைத்து, "என்னவே, உம்ம மருமகன் என்ன வேலை பாக்கான்னு தெரியுமா? கொசு வளக்கான்வே! பெட்டி பெட்டியா வளக்கான். அதுக்குச் சீனித்தண்ணி, புறா ரத்தம்னு கவனிப்பு வேற. தாராவியில அவனுக்குப் பேரே மச்சர்வாலா, கொசுக்காரன்" என்றான். டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் சிரித்த சிரிப்பில் டீ பாதி கீழே போய்விட்டது. நான் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

இங்கே சர்க்கார் ஆள் வீடு வீடாக வந்து டிடிடி அடிக்கிறான். சுவரில் அடிக்கிறான், மாட்டுத் தொழுவில் அடிக்கிறான், போன மாசம் சாமி படத்திலும் அடித்துவிட்டான். அங்கே சம்பளம் கொடுத்து வளர்க்கிறீர்கள். நீங்கள் வளர்க்க வளர்க்க நாங்கள் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதா?

சிரிப்பாகச் சொல்லவில்லை மச்சான். சொர்ணம் எதில் போனாள் என்று உங்களுக்குத் தெரியும். மலைரோட்டு வேலைக்குப் போன இடத்தில் குளிர்காய்ச்சலில் போனாள். போர்வை மேல் போர்வையாகப் போட்டு, அதன்மேல் நானே படுத்து அழுத்தியும் கட்டில் ஆடிற்று. கொயினா மாத்திரை வாங்க நீங்கள்தான் மலை இறங்கி ஓடினீர்கள். எதனால் அவள் செத்தாளோ அதற்கு உங்கள் மகன் தீனி போடுகிறான். அந்தச் சம்பளத்தில் வாங்கின அரிசியை அவள் மகள் பொங்க வேண்டும் என்கிறீர்கள்.

காக்காய் குருவியைப் பிடித்து ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறானாம். அந்த ரத்தத்திலேயே மலேரியா இருக்கிறதாம். பூலோகம் சொல்கிறான். அவன் கையில் என்ன ஒட்டியிருக்கிறதோ, உடம்பில் என்ன ஓடுகிறதோ. அந்த வேலையை விட்டுவிட்டு மில்லில் சேரட்டும், பெண் தருகிறேன். இல்லையென்றால் சேனை வைத்ததோடு போகட்டும்.

இப்படிக்கு,
வானமாமலை

மாமா, பேனா மக்கர் செய்கிறது. எழுத்துக் கோணலாக இருப்பது அதனால்தான். - ஆ.


தாராவி
24-9-1963

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை ஷாகுல் ஹமீது பாதி வாசித்துவிட்டு, "பெரியவரே, மிச்சத்தையும் வாசிக்கணுமா?" என்றார். வாசியும் என்றேன். கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். காலையில் சாப்பிடவில்லை, மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் அக்கா வாளைமீன் குழம்பு வைத்துவிட்டாள்.

பூலோகம் பேச்சை வைத்து முடிவு கட்டுகிறவர் இல்லையே நீங்கள்? இங்கே ஒருவன் ஜலதோஷம் பிடித்து இருமினான். அவனுக்குக் காசநோய் என்று எங்கள் சால் வரிசை வீடு முழுக்கச் சொல்லி, கோலியைக் காலி பண்ண வைத்தவன் அந்தப் பூலோகம். அதனால் நானே செம்பூருக்குப் போய்ப் பார்த்து வந்தேன். கணேசபாண்டியன், "அப்பா, அங்க வந்து சத்தம் போடாதீங்க" என்றான். போடவில்லை.

ஒரு பழைய பங்களா. அதற்குள் ஒரு அறைக்கு இரட்டைக் கதவு. ஒன்றை அடைத்த பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். உள்ளே நெல் அவிக்கிற கொட்டகை போல வெக்கையும் ஈரமும். வலைத்துணி அடித்த பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. கையை உள்ளே விடுவதற்குப் பெட்டிக்குப் பெட்டி ஒரு சட்டைக்கை தைத்திருக்கிறது. கொசு எல்லாம் அதற்குள்ளே. எந்த மருந்துக்கு அது சாகிறது என்று சோதிக்கத்தான் வளர்க்கிறார்களாம். ஆண் கொசு சீனித்தண்ணீரில் நனைத்த பஞ்சைச் சப்பிக்கொண்டு கிடக்கிறது. அது கடிக்கவே கடிக்காதாம். பெண் கொசுவுக்குத்தான், முட்டை வைக்க ரத்தம் வேண்டும். ஒரு புறாவைத் துணியில் சுற்றி, நெஞ்சு இறகை ஒதுக்கி, வலைமேல் சாய்த்து வைக்கிறான் உங்கள் மருமகன். புறா பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் எடுத்துக் கூண்டில் விட்டான். சோளம் தின்கிறது.

இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். "ஆம்பிளை சீனித்தண்ணியக் குடிச்சிட்டுச் சும்மா கெடக்கான், பொம்பிளைதான் பிள்ளைக்காக அலையுதா. இதப் பாக்கவா செம்பூர் வரைக்கும் பஸ்ஸுல போனீக?" என்றாள். ஷாகுல் ஹமீதும் சிரிக்கிறார். அவர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அங்கே பூதக்கண்ணாடி பார்க்கிறவர் சந்திரமௌலி என்று, மாட்டுங்காவில் இருக்கிற பாலக்காட்டு ஐயர். எனக்கு நாற்காலி போட்டு, ஒரு கண்ணை மூடிப் பாரும் என்றார். நான் எந்தக் கண்ணை மூடினாலும் இரண்டும் மூடிக்கொண்டது. கடைசியில் அவரே என் ஒரு கண்ணைக் கையால் பொத்தினார். டிராம்பே பக்கம் உப்புச் சேற்றில் வலை கட்டிப் பிடித்த குருவியின் ரத்தம் அது. சிறகுக்கு அடியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டுக் காயவைத்திருக்கிறார்கள். ரத்தம் என்றால் சிவப்பாகத் தெரியும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அவரை விதையைப் பரத்திப் போட்டது போலக் கிடக்கிறது. விதைக்குள் ஊதாவாக ஒரு பருப்பு. அது எல்லாக் குருவிக்கும் உள்ளதாம். சில விதையில் மட்டும் பருப்பை அணைத்துக்கொண்டு பிறை மாதிரி இன்னொன்று, மேலே கறுப்புப் பொடி தூவினது போல. "அதுதான் ஓய்" என்றார். குருவியின் மலேரியாவை நான் பார்த்துவிட்டேன்.

"இது எனக்கு வருமா?" என்று கேட்டேன்.

"வராது. அதுக்கு உம்ம ரத்தம் ஆகாது. புறாவுக்கு உள்ளதைப் புறா மேலே ஒட்டிண்டிருக்கற தட்டை ஈ கொண்டுபோறது. குருவிக்கு உள்ளதைக் கொண்டுபோற கொசு வேற. மனுஷாளுக்குக் கொண்டுவர்ற கொசு வேற."

"குரங்குக்கு உள்ளது?"

"அது மனுஷாளுக்கு வரலாம்னு இப்பத்தான் சீமையிலே சொல்ல ஆரம்பிச்சிருக்கா. எனக்குத் தெரியாது. இங்கே குரங்கு கிடையாது" என்றார். தெரியாததைத் தெரியாது என்றாரே, அதனால் தெரிந்ததையும் நம்பினேன்.

இன்னொன்றும் சொன்னார். கொசு பிறக்கும்போதே நோயோடு பிறப்பதில்லை. காய்ச்சல்காரனைக் கடித்து, அந்தக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்ந்து, அதன் எச்சிலுக்கு வந்த பிறகுதான் அடுத்தவனுக்கு ஏறும். பெட்டியில் பிறந்து பெட்டியில் சாகிற கொசு காய்ச்சல்காரனை எங்கே போய்ப் பார்க்கும்? கணேசபாண்டியன் விரலிலும் குத்திப் பார்த்தார். ஒன்றும் இல்லை. எனக்கும் குத்தினார். சுத்தமான ரத்தம் என்றார். பூலோகத்தையும் அனுப்பிவைக்க உத்தேசம்.

இனி தங்கச்சி விஷயம். அதை எழுதிவிட்டீர்கள், அதனால் நானும் சொல்கிறேன். மனுஷனுக்குக் குளிர்காய்ச்சல் கொடுக்கிற கொசு சாக்கடையை அண்டாதாம். தெளிந்து, அசையாமல் கிடக்கிற நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். அதனால்தான் இந்த ஊரில் முனிசிபாலிட்டிக்காரன் சாக்கடையை விட்டுவிட்டு, கிணற்றை மூடு, மாடித் தொட்டியை மூடு என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். நம்முடைய மலை கேம்பில் சாக்கடை ஏது? எனக்கு எல்லாம் நேற்றுப் போல இருக்கிறது. ஆற்றுக்கு இறங்கிக் குடம் தூக்கி ஏற அவளுக்குக் கஷ்டம் என்று, குடிசைக்குப் பின்னால் நீங்கள் ஊற்று வெட்டினீர்கள். கடப்பாரை என்னுடையது. இரவல் வாங்கினது வாங்கினதுதான், இன்று வரை திரும்பி வரவில்லை. அது கிடக்கட்டும். ஆவணி மாசம், கங்காணி மகளுக்குக் காது குத்தின அன்று வெட்டினது. தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். சொர்ணம் அதில் முகம் பார்த்துத்தான் பொட்டு வைப்பாள். புரட்டாசியில் அவளுக்குக் குளிர் கண்டது. தீபாவளிக்கு அவள் இல்லை.

அந்தக் கொசு அப்படிப்பட்ட தண்ணீரில் பிறந்தது மாப்பிள்ளை, செம்பூர்ப் பெட்டியில் பிறந்தது இல்லை. இதில் என் மகன் மேல் என்ன குற்றம்? நான் சொன்னதில் ஒரு நாள், ஒரு கிழமை முன்பின் இருந்தால் சொல்லுங்கள், நான் பேசாமல் இருந்துகொள்கிறேன். இல்லையென்றால் தையில் நாள் பார்த்து எழுதவும்.

இப்படிக்கு,
அய்யாத்துரை (ரேகை)


தாராவி
21-11-1963

மாப்பிள்ளைக்கு,

புரட்டாசி போய் ஐப்பசியும் போய்விட்டது. தீபாவளிக்கும் ஒரு வரி இல்லை. மருமகளுக்குப் பாவாடைத் துணியும் உங்களுக்கு ஒரு துண்டும் கொடுத்துவிட்டிருந்தேன். வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. கோபமாக எழுதினாலும் எழுதுகிறவர் நீங்கள். ஒன்றும் எழுதாமல் இருந்தது இதுவரை இல்லை.

"ஏதோ சொல்லக்கூடாததச் சொல்லிட்டீக" என்கிறாள் அக்கா. நான் நியாயத்தைத்தான் சொன்னேன். வேண்டுமானால் ஷாகுல் ஹமீதைக் கேட்டுக்கொள் என்றேன். அவர் எங்கேயோ பார்க்கிறார்.

கணேசபாண்டியன், வேலையை விட்டுவிடட்டுமா என்று ஒரு தரம் கேட்டான். அப்புறம் அவனே, "விட்டா வேற யாராவது செய்வாங்க. எனக்கு இது பிடிச்சிருக்கு" என்றான். 

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது எழுதச் சொல்லவும்.

அய்யாத்துரை (ரேகை)


களக்காடு
2-12-1963

அன்புள்ள மாமாவுக்கு ஆறுமுகத்தாய் எழுதுவது.

இது நானாக எழுதுகிற கடிதம். அப்பாவுக்குத் தெரியாது. நீங்கள் பதில் எழுதும்போது இப்படி ஒரு கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். பதிலை நான்தானே வாசிக்க வேண்டும், எனக்குத் திக்கிவிடும்.

துணியும் துண்டும் வந்து சேர்ந்தன. துண்டை அப்பா இன்னும் பிரிக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று, புறாவும் சீனித்தண்ணீரும் வாசித்தபோது அப்பா சிரித்தார். அத்தை சொன்னதை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். சரி, மனசு மாறிவிட்டது என்று நினைத்தேன். ஊற்று வந்த இடத்தில், "நிறுத்து" என்றார். பிறகு, "அதை மட்டும் திரும்ப வாசி" என்றார். வாசித்தேன். "கண்ணாடி மாதிரின்னா எழுதியிருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து தொழுவுக்குப் போனவர் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற குளுதாடியைக் கவிழ்த்துப் போட்டார். மறுநாள் புறவாசல் கல்தொட்டியை மண்ணைப் போட்டு மூடினார். இப்போது வீட்டில் தண்ணீர் ஒரு குடம்தான். அதையும் துணி கட்டி வைக்கிறார். டிடிடி அடிக்க வந்தவனிடம், "நல்ல தண்ணியிலயா வளருது?" என்று கேட்டார். அவனும் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அத்தான் வேலையைப் பற்றி இப்போது ஒன்றும் பேசுவதில்லை. பொன்னாக்குடியிலிருந்து வேறு சம்பந்தம் பேச வந்தார்கள். அவர்களிடம், "பெண்ணைக் கொடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? இவள் ஆத்தாளைக் கொன்னவன் நான்" என்று சொல்லிவிட்டார். அவர்கள் பயந்துபோய் மோர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு நாலு வயசில் நடந்தது. அம்மா முகம் எனக்கு நினைவில்லை. ஊற்றில் முகம் பார்த்துப் பொட்டு வைப்பாள் என்று நீங்கள் எழுதித்தான் அம்மாவைப் பற்றி எனக்கு ஒன்று தெரிந்தது. அதே வரிதான் அப்பாவை இப்படி ஆக்கிவிட்டது.

மாமா, அந்தக் குழியிலிருந்துதான் வந்ததா? கணேச அத்தானிடமும் அந்த ஐயரிடமும் கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. உங்களுக்கு ஒன்றும் மறக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். அப்பாவும் அதைத்தான் சொல்கிறார், "மச்சான் சொன்னா தப்பாது" என்று. பதினைந்து வருஷம் ஆகிறதே. உங்களுக்கு ஏதாவது மறந்திருக்குமா என்று நினைத்துப் பாருங்கள்.

ரத்தம் எடுத்த பிறகு அந்தக் குருவி பறக்குமா? அதை எழுதவில்லையே.

மருமகள்,
ஆறுமுகத்தாய்


தாராவி
14-12-1963

மாப்பிள்ளைக்கு மச்சான் சொல்லி எழுதுவது.

பதில் வராவிட்டாலும் நான் எழுதவேண்டியிருக்கிறது. போன கடிதத்துக்கு முந்தின கடிதத்தில் ஒரு பிசகு ஏற்பட்டுவிட்டது. அதைச் சொல்லத்தான் இது.

முதலில் ஒன்று. கணேசபாண்டியனிடமும் சந்திரமௌலி ஐயரிடமும் ஒரு குழியைப் பற்றி விசாரித்தேன். நம் விஷயம் என்று சொல்லவில்லை, பொதுவாகக் கேட்டேன். மலைப்பக்கம் ஓடை ஓரத்தில் பாறைக்குழி, மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளம், ரோட்டுக்கு மண் எடுத்த கிடங்கு எல்லாவற்றிலும் அந்தக் கொசு வளரும், எங்கே பிறந்தது எவரைக் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். அந்தக் குழியிலிருந்து இருக்காதா என்று கேட்டேன். ஐயர், "இருக்காதுன்னும் சொல்ல முடியாது ஓய்" என்றார்.

ஆனால் நமக்கு அந்த விசாரிப்பே வேண்டியதில்லை. பிசகு என்று சொன்னேனே, அது இதுதான். ஊற்று வெட்டின பிறகு சொர்ணத்துக்குக் குளிர் கண்டது என்று எழுதச் சொல்லியிருந்தேன். அப்படி இல்லை. குளிர் முதலில் கண்டது ஆடியில். கேரளத்துப் பக்கமிருந்து புது ஆட்கள் வேலைக்கு வந்தார்களே, அவர்களில் ஒருவன் காய்ச்சலோடு வந்தவன். அந்த வாரமே அவளுக்கு ஒரு தரம் வந்து விட்டுப்போயிற்று. நாம் மழைச்சளி என்று இருந்துவிட்டோம். அதற்கு அப்புறம்தான் அவளுக்கு உடம்பில் வலு இல்லை, ஆற்றுக்கு இறங்க முடியவில்லை. அதனால்தானே நீங்கள் ஊற்று வெட்டினீர்கள்? கையில் வலு உள்ளவளுக்கு எவனாவது ஊற்று வெட்டுவானா? புரட்டாசியில் வந்தது பழைய காய்ச்சல் திரும்பினது. நோய் முந்தி, ஊற்று பிந்தி. நான் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். முந்தின கடிதத்தையும் எழுதினவர் அவர்தான். எழுதும் என்றேன். எழுதுகிறார்.

எனக்கு வயது ஆகிறது மாப்பிள்ளை. இரண்டு வருஷமாகவே இப்படித்தான், ஒன்று கிடக்க ஒன்று சொல்கிறேன். அக்காவைக் கேட்டால் சொல்வாள். போன வாரம் ரேஷன் கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று நின்றேன். என் ஞாபகத்தைப் பற்றி நான் பீற்றிக்கொண்டதை எல்லாம் தள்ளிவிடுங்கள். ஆனால் இது மட்டும் நிச்சயம். அந்த ஊற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் அவள் கடைசி மாசத்தை ஓட்டினாள். "உங்க மாப்பிள்ளை வெட்டின தண்ணி, ஆத்துத் தண்ணிய விட ருசி" என்று எனக்கு ஒரு செம்பு கொடுத்தாள். அதை நான் மறக்கவில்லை.

பெண் விஷயம் உங்கள் இஷ்டம். பொன்னாக்குடி என்றாலும் சரி, எங்கே என்றாலும் சரி. தாய்மாமன் சீரோடு நான் வந்து நிற்பேன். இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடவேண்டாம்.

ரத்தம் எடுத்த குருவியைக் காலில் ஒரு வளையம் மாட்டி விட்டுவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் கையிலேயே உட்கார்ந்திருக்கும், பிறகு போய்விடும் என்கிறான் கணேசபாண்டியன். போன வருஷம் விட்டது ஒன்று இந்த வருஷம் அதே வலையில் வந்து விழுந்ததாம். பொதுவாகச் சொன்னேன்.

இப்படிக்கு,
அய்யாத்துரை (ரேகை)


களக்காடு
7-1-1964

மச்சானுக்கு,

இத நானே எளுதுறேன். கல்யாணக் கடுதாசியப் பொண்ணே எளுதப்படாது. அவ கோவிலுக்குப் போயிருக்கா. தப்பு இருந்தா சாயுபு திருத்தி வாசிக்கட்டும்.

தையில முடியாது. வெள்ளாமை வீடு வரணும். வைகாசியில வச்சுக்கிடுவோம். அவனுக்குச் சுட்டி அப்பக் கெடைக்குமான்னு கேக்கணும். வேலைய விட வேண்டாம். பெட்டியில உள்ளது பெட்டியில இருக்கட்டும், வீட்டுக்குக் கொண்டாரப்படாது. அவ்வளவுதான். பூலோகம் வாயி நான் பாத்துக்கிடுதேன்.

பொன்னாக்குடிக்காரங்க வந்தத நான் ஒங்களுக்கு எளுதலியே. யாரு சொன்னான்னு நான் கேக்கல.

ஊத்து ஆவணியில வெட்டுனது. அன்னைக்குக் கங்காணி வீட்டுல பாயசம் குடுத்துவிட்டாங்க. அவ நல்லா இருந்தா. ரெண்டு குடம் மோந்து வச்சிட்டு, போதுமா இன்னும் தோண்டணுமான்னு நான் கேட்டதுக்குச் சிரிச்சா. ஒங்களுக்கு மறக்காது மச்சான். எனக்கும் மறக்கல.

ஆனா நீங்க சொன்னது எளுத்துல இருக்கு. பொண்ணு வாசிச்சா. நோய் முந்தி ஊத்து பிந்தின்னு ரெண்டு தரம் வாசிச்சா. அவளுக்கு அது அப்படியே இருக்கட்டும். எனக்கும் இருக்கட்டும். ஒங்களுக்கு வயசாச்சுன்னு நான் ஒருத்தங்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

குளுதாடிய நிமித்தி வச்சிட்டேன். மாடு வாடுது.

கடப்பாறை எங்கிட்டதான் இருக்கு. பரண்ல போட்டது, பதினஞ்சு வருசமாத் தொடல. நேத்து எறக்கி உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். முனை கொஞ்சம் மளுங்கியிருக்கு, மத்தபடி நல்ல இரும்பு. பந்தக்கால் குளி தோண்டிட்டுத்தான் திருப்பித் தருவேன். நீங்க வந்து ரெண்டு குத்துக் குத்தணும். தாய்மாமன் இல்லாம கால் நடப்படாது.

வானமாமலை